ஏர்லாக் நின்றுபோச்சு, ஹைட்ரோமீட்டர் 1.012 காட்டுது: சைடரை பாட்டிலில் அடைக்கலாமா?

தேன்சிட்டு:

20 லிட்டர் ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாறைப் புளிக்க வைத்துச் செய்யும் மதுபானம்) கிட். பெட்டிக்குள் இருந்தது ஆப்பிள் கான்சன்ட்ரேட் பை, ஈஸ்ட் பாக்கெட், 'இனிப்பூட்டி' என்று மட்டும் அச்சடித்த ஒரு சின்ன பாக்கெட். தாளில் சொன்னபடி கூடவே ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) சேர்த்திருக்கு.

ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தி காட்டும் மிதவை; சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) அளவுகள்:
நாள் 0: 1.046, சாறு 23 டிகிரி.
நாள் 9: 1.012. ஏர்லாக்கில் (உள்ளிருக்கும் வாயுவைக் குமிழியாக வெளியே விடும் மூடிக்குழாய்) இரண்டு நாளாக ஒரு குமிழிகூட இல்லை. அறை ராத்திரியில் 15 டிகிரி வரை இறங்குது. மூடியைத் திறந்தால் லேசான அழுகிய முட்டை வாடை.

கிட் தாளில் '7 நாளில் பாட்டிலில் அடைக்கலாம்' என்று இருக்கு. கேள்விகள்:

1. குமிழி நின்றதே போதுமா, இப்போது அடைக்கலாமா?
2. நுரை வருவதற்கு எவ்வளவு சர்க்கரை? தாளில் 'பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன்' என்றுதான் போட்டிருக்கு. பாட்டில் எந்த அளவு என்று இல்லை.
3. கொஞ்சம் இனிப்பாக வேண்டும், ஆனால் நுரையும் வேண்டும். இனிப்பூட்டி பாக்கெட்டை எப்போது போடுவது?
4. அந்த வாடை கெட்டுப்போனதன் அறிகுறியா?

கையில் இருப்பது 500 மில்லி பழுப்பு பியர் பாட்டில்கள், கொஞ்சம் 330 மில்லி, நாலு பெட் (பிளாஸ்டிக்) பாட்டில், காலி ஒயின் பாட்டில் பத்து.


மண்டிமன்னன்:

அடைக்காதீங்க. ஒயின் பாட்டிலை இப்பவே தனியா எடுத்து வைங்க, அது நுரை வர்ற எதுக்கும் ஆகாது.

ஏர்லாக் ஒரு வால்வு, அவ்வளவுதான். அளவுகோல் இல்லை. மூடி ரப்பர் சரியா உட்காராட்டி வாயு பக்கவாட்டில் போயிடும், உள்ளே ஜோரா புளிச்சிட்டிருந்தாலும் குமிழி வராது. மாறா, எல்லாம் முடிஞ்ச பிறகும் அறை கொஞ்சம் சூடானா கரைஞ்சிருந்த வாயு வெளியேறி நாள் முழுக்கக் குமிழி விடும். ரெண்டையும் நம்ப முடியாது.

சைடரில் புளிக்கக்கூடியது கிட்டத்தட்ட முழுக்க எளிய சர்க்கரை. பியர் மாதிரி ஈஸ்ட் தொடாத மாவுச்சர்க்கரை பெரிசா கிடையாது. அதனால் நல்லா ஓடின கிட் 1.000-க்குப் பக்கத்தில், பல நேரம் 0.998, 0.996 வரை இறங்கித்தான் நிக்கும். 1.012-இல் நிக்குதுன்னா முடியலை, குளிரில் ஈஸ்ட் தூங்கிடுச்சுன்னு அர்த்தம். 23 டிகிரியில் ஆரம்பிச்சு 15-க்கு விழுந்தா பெரும்பாலான கிட் ஈஸ்ட் அடியில் படிஞ்சிடும்.

ஆனா அதுக்கு முன்னாடி அந்த 1.012 உண்மையான்னு பாருங்க. மூணு இடத்தில் ஏமாறலாம்.

பொங்கிட்டிருக்கிற சைடரை நேரா குழாயில் ஊத்தினா குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டிக்கிட்டு மேலே தூக்கும். சாம்பிளை ரெண்டு டம்ளருக்கு நடுவில் பத்துப் பதினைஞ்சு தடவை ஆத்தி வாயுவை விரட்டிட்டு, மீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட்டுப் படிங்க. ரெண்டாவது வெப்பம். பெரும்பாலான மீட்டர் 20 டிகிரிக்கு அளவு வெச்சது. 30 டிகிரி சாம்பிளில் 0.002 குறைச்சுக் காட்டும். மூணாவது, நீங்க பயன்படுத்தறது ரெஃப்ராக்டோமீட்டர்னா (ஒளி வளையறதை வெச்சு சர்க்கரை அளக்கிற கருவி) ஆல்கஹால் கலந்த திரவத்தில் அது பொய் சொல்லும். 1.046-இல் ஆரம்பிச்சது உண்மையில் 1.000-க்கு இறங்கியிருந்தாலும் அதில் 1.010-க்கு மேலதான் தெரியும். திருத்தக் கணக்கு போடாம அந்த எண்ணை எடுக்கக்கூடாது.

ஹைட்ரோமீட்டர்தான், வாயுவும் போக்கியாச்சுன்னா செய்ய வேண்டியது: ஃபெர்மென்டரை (புளிக்க வெச்ச வாளியை) 20–22 டிகிரி இருக்கிற இடத்துக்கு மாத்துங்க. மூடியைத் திறக்காம, அடி மண்டி கிளம்புற அளவுக்கு மெதுவா வட்டமா ஆட்டுங்க. கரண்டி விட்டுக் கலக்காதீங்க. ஆரம்பத்தில் ஈஸ்டுக்கு ஆக்சிஜன் வேணும், இப்ப அதே ஆக்சிஜன் சைடரை காடி ஆக்குற பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. மூணு நாள் விட்டு மறுபடி அளங்க. நகரலைன்னா மட்டும் புது ஈஸ்ட்: இசி-1118 மாதிரி ஷாம்பெயின் ஈஸ்ட் 5 கிராம், 50 மில்லி வெதுவெதுப்பான தண்ணியில் (35–40 டிகிரி) 15 நிமிஷம் ஊறவிட்டு, அதில் உங்க சைடரையே ரெண்டு மூணு ஸ்பூனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சேர்த்து, ஆல்கஹாலுக்கும் குளிருக்கும் பழக்கி விட்டு ஊத்துங்க. காஞ்ச ஈஸ்டை அப்படியே தூவினா நிறைய செத்துடலாம்.

வாடை: அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, கெட்டுப்போனது இல்லை. ஆப்பிள் சாறில் நைட்ரஜன் கம்மி, நீங்க போட்ட ஒரு கிலோ டெக்ஸ்ட்ரோஸில் சுத்தமா இல்லை. பசியில் இருக்கிற ஈஸ்ட் கந்தக வாடை விடும். வெப்பம் ஏறி மறுபடி வாயு கிளம்பினா அதோட சேர்ந்து பெரும்பாலும் போயிடும். இப்ப போய் ஈஸ்ட் சத்துப்பொடி கொட்டாதீங்க. சர்க்கரையில் மூணில் ஒரு பங்கை ஈஸ்ட் தின்னு முடிக்கிறதுக்குள்ள போட்டாத்தான் பயன். இந்தக் கட்டத்தில் ஈஸ்டால் அதைச் சரியா எடுத்துக்க முடியாது, மிச்சம் பாக்டீரியாவுக்குப் போகும். செம்புக் கம்பி போட்டுக் கலக்குன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, செம்பு கரைஞ்சு இறங்கும்.


தராசுமுள்:

'கொஞ்சம் மிச்சம் இருந்தால் என்ன, நுரைக்குத்தானே உதவும்' என்று நினைப்பவர்களுக்காக 1.012-இல் அடைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறேன்.

ஒரு லிட்டர் சைடரில் ஒரு லிட்டர் கரியமில வாயு கரைந்திருந்தால் அது ஒரு வால்யூம். எடையில் சுமார் 2 கிராம். சாதாரண பியர் 2.5 வால்யூம் அளவில் இருக்கும். ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி (0.001) இறங்கினால் சுமார் 0.5 வால்யூம் வாயு பிறக்கிறது.

1.012-இலிருந்து 0.999-க்கு 13 புள்ளி, அதாவது 6.5 வால்யூம். ஏற்கனவே கரைந்திருப்பது ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் மேல் நுரைக்கென்று போடும் சர்க்கரை ஒன்றரை வால்யூமுக்கு மேல். மொத்தம் கிட்டத்தட்ட 9. இது 20 டிகிரியில் 9 பாருக்கு மேல் அழுத்தம். தடித்த ஷாம்பெயின் பாட்டிலே 6 பார் அளவுக்குத்தான் புழங்குகிறது. பியர் பாட்டில் அதில் பாதிக்கு மேல் போனாலே ஆபத்து. மூடி பறக்கும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடிதான் பறக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வெடிக்கும்.

எனவே விதி ஒன்றுதான்: இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் 1.002-க்குக் கீழே. 'ஒன்றாக இருக்கிறது' என்பது மட்டும் போதாது. உங்கள் 1.012-உம் இரண்டு நாளாக அப்படியேதான் நின்றிருக்கும்.

சர்க்கரைக் கணக்குக்கு, நொதித்தல் முடிந்த பின் சைடர் அடைந்த அதிகபட்ச வெப்பம் தெரிய வேண்டும். 20 டிகிரியில் 0.85 வால்யூம் தானாகவே கரைந்து நிற்கும். 2.5 வேண்டுமென்றால் பாக்கி 1.65. வீட்டுச் சர்க்கரை லிட்டருக்கு 4 கிராம் ஒரு வால்யூம் தரும். ஆகவே லிட்டருக்கு 6.6 கிராம். மண்டியில் ஒரு லிட்டர் போக 19 லிட்டர் என்று வைத்தால் 125 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் என்றால் அதில் கொஞ்சம் தண்ணீர் எடை சேர்ந்திருப்பதால் 140 கிராம்.

தெளிவதற்காக அடைக்கும் முன் 3–4 டிகிரியில் இரண்டு நாள் குளிர வைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நுரைச் சர்க்கரை கணக்கிடும் கால்குலேட்டரில் '4 டிகிரி' என்று போட்டால், நிறைய வாயு கரைந்திருப்பதாக எண்ணி சர்க்கரையைக் குறைத்துச் சொல்லும், நுரை வராது. குளிர வைத்ததால் போன வாயு திரும்பி வந்துவிடாது. குளிருக்கு முன்பிருந்த வெப்பத்தைத்தான் போட வேண்டும். இன்னொன்று, குளிரும்போது ஃபெர்மென்டர் உள்ளே உறிஞ்சும். ஏர்லாக் தண்ணீர் சைடருக்குள் போகும். அதனால் அதில் சாதாரணத் தண்ணீர் வேண்டாம், சானிடைசர் கரைசல் விடுங்கள்.

'பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன்' பற்றி: தட்டி மட்டமாக்கிய டீஸ்பூனில் சுமார் 4 கிராம் சர்க்கரை. 500 மில்லிக்குத் தேவை 3.3 கிராம், அதில் தப்பிக்கலாம். அதே ஸ்பூனை 330 மில்லியில் போட்டால் லிட்டருக்கு 12 கிராம், மொத்தம் கிட்டத்தட்ட 4 வால்யூம். குவித்த ஸ்பூனாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தத் தாளை எழுதியவர் 330 பாட்டிலைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.


புதுநுரை:

இனிப்பு வேணும்னா ஏன் இவ்வளவு கஷ்டம்? பொட்டாசியம் சார்பேட் போட்டு ஈஸ்டை நிறுத்திட்டு, வேண்டிய சர்க்கரையைக் கலந்து அடைச்சிடலாமே. ஒயினுக்கு அப்படித்தானே செய்றாங்க?


தராசுமுள்:

நுரையில்லாத சைடருக்குச் சரி. நுரை வேண்டும் என்கிறார் அல்லவா, அந்த நுரையைத் தருவதே பாட்டிலுக்குள் இருக்கும் ஈஸ்ட்தான். அதை நிறுத்தினால் இனிப்பான, நுரையில்லாத சைடர் கிடைக்கும். சரியாக நிற்கவில்லை என்றால் இனிப்புச் சர்க்கரை முழுதும் வாயுவாகும். சார்பேட் ஈஸ்டைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. அதனால் மும்முரமாகப் புளிக்கும் சைடரில் போட்டு எந்தப் பயனும் இல்லை. நொதித்தல் முடிந்து, தெளிந்து, மண்டியிலிருந்து பிரித்த பிறகே, அதுவும் மெட்டாபைசல்பைட்டுடன் (பாக்டீரியாவை அடக்கும் கந்தக உப்பு) சேர்த்துப் போட வேண்டும். தனியாகப் போட்டால் லாக்டிக் பாக்டீரியா அதைத் தின்று ஜெரேனியம் இலை வாசனையை உண்டாக்கும். அதை எடுக்க வழியே கிடையாது.

நுரையும் இனிப்பும் சேர்ந்து வேண்டுமானால், ஒன்று கெக்கில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) வைத்து சிலிண்டர் வாயு ஏற்ற வேண்டும். இல்லையேல் ஈஸ்ட் தின்னாத இனிப்பு. பாட்டிலில் அடைத்தபின் வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஈஸ்டைக் கொல்லும் முறையும் உண்டு. வாயு ஏறிய கண்ணாடியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கிட்டில் வந்த இனிப்பூட்டி பாக்கெட் பெரும்பாலும் சுக்ரலோஸ் அல்லது சாக்கரின் வகைதான். பொருட்பட்டியலைப் படித்து உறுதி செய்யுங்கள். சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு இனிப்பு. கடையில் 'ஸ்பூனுக்கு ஸ்பூன்' என்று விற்கும் தூளில் பருமனுக்காக டெக்ஸ்ட்ரோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ கலந்திருப்பார்கள். டெக்ஸ்ட்ரோஸ் முழுக்கப் புளிக்கும், அது தெரியாமல் போட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். எரித்ரிட்டால் புளிக்காது, ஆனால் ஹைட்ரோமீட்டர் எண்ணை ஏற்றிவிடும். அளவெடுத்து முடித்தபின் சேர்க்கவும். சைலிட்டாலும் புளிக்காது, ஆனால் நாய்க்கு நஞ்சு. வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம்.

முழுப் பாக்கெட்டையும் கொட்டாமல் முதலில் சின்ன அளவில் சோதியுங்கள். 1 கிராம் தூய சுக்ரலோஸை 100 மில்லி தண்ணீரில் கரையுங்கள், ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 250 மில்லி சைடரில் ஊசியில்லாத சிரிஞ்சால் அரை மில்லி விட்டால் லிட்டருக்கு 20 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை போட்ட இனிப்பு. பிடித்தால் 19 லிட்டருக்கு 38 மில்லி கரைசல். போதாவிட்டால் இன்னொரு கால் மில்லி. நுரை ஏறினால் புளிப்பு தூக்கலாகத் தெரியும் என்பதை மனதில் வைத்து, வாயு இல்லாமல் நிற்கும் சாம்பிளில் 'லேசாக அதிகம்' என்று படும் இடத்தில் நிறுத்துங்கள்.


தேன்சிட்டு:

ஹைட்ரோமீட்டர்தான். வாயு போக்கி அளந்ததில் 1.011. இடம் மாற்றி, ஆட்டிவிட்டு, 21 டிகிரியில்:

நாள் 13: 1.003
நாள் 16: 0.999
நாள் 18: 0.999

வாடை போய்விட்டது. ஆல்கஹால் (1.046 − 0.999) × 131.25, அதாவது 6.2 சதவீதம் என்று வருது, சரிதானே? இன்னும் லேசாகக் கலங்கல் இருக்கு. இனி அடைக்கும் முறை சொல்லுங்க. சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் போடுவதா, மொத்தமாகவா?


மூடிக்காரர்:

6.2 சரி. பாட்டிலுக்குள் போடும் சர்க்கரையால் இன்னும் 0.3, 0.4 ஏறும்.

கலங்கல் ஈஸ்டாக இருந்தால் தானே படியும், இன்னும் நாலைந்து நாள் விட்டாலும் கெடுதல் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிந்துதான் அடைக்க வேண்டும் என்றும் இல்லை. பாட்டிலில் நுரை உண்டாக்கக் கொஞ்சம் ஈஸ்ட் தேவை. கலங்கல் இருந்தால் பாட்டில் அடியில் மண்டி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

முதலில் சுத்தம். கழுவுவதும் சானிடைஸ் செய்வதும் இரண்டு வேலை, ஒன்றாக்காதீர்கள். பழைய பாட்டிலில் அடிப்படலம் இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் சுடுநீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, நன்றாக அலசவும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடியில் வளையம் தெரிந்தால் அந்தப் பாட்டில் வேண்டாம். வாய்ப்பகுதியில் சின்ன உடைசல் இருந்தாலும் வேண்டாம். பிறகு அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகை சானிடைசர், புட்டியில் போட்ட அளவுக்குக் கலந்து, பாட்டில் உட்புறம் முழுதும் நனைத்துக் கவிழ்த்து விடுங்கள். மிஞ்சும் நுரையைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளீச் வேண்டவே வேண்டாம்: எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தங்கும், அந்தக் குளோரின் சைடரின் ஃபீனாலோடு சேர்ந்து மருந்துக் கடை வாடை அடிக்கும். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், அதன் எச்சம் நுரையை அமுக்கிவிடும்.

சர்க்கரை மொத்தமாகத்தான். ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்பூனால் போட்டால் ஒன்று சப்பென்றும் இன்னொன்று பீய்ச்சியடித்தும் வரும். இரண்டு அளவு பாட்டில் வைத்திருக்கும் உங்களுக்கு மொத்தக் கலவைதான் ஒரே வழி. அரைக் கிராம் காட்டும் தராசில் 125 கிராம் சர்க்கரை, 250 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். இனிப்புக் கரைசலும் இதோடு. குழாய் உள்ள சுத்தமான இரண்டாவது வாளியில் இதை முதலில் ஊற்றி, அதன் மேல் சைஃபனால் (மேலிருந்து கீழே தானாக இறக்கும் குழாய்) சைடரை இறக்குங்கள். குழாய் முனை வாளியின் அடியில் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். ஓட்டமே சுழன்று கலக்கிவிடும். அருவி மாதிரி மேலிருந்து கொட்டினால் ஆக்சிஜன் ஏறி, இரண்டு மாதத்தில் ஈர அட்டை ருசி வரும். சுழற்சி போதவில்லை என்று பட்டால் சானிடைஸ் செய்த நீளக் கரண்டியால் மெதுவாக மூன்று நான்கு சுற்று. சைஃபன் முனை மண்டியைத் தொடும் நேரத்தில் நிறுத்துங்கள். அந்தக் கடைசி அரை லிட்டர் மேல் ஆசை வைத்தால் இருபது பாட்டில் கலங்கும்.

வாளிக் குழாயில் பாட்டிலிங் குச்சி (நுனி அடியில் முட்டினால் மட்டும் திறக்கும் குழல்) மாட்டி, அடியில் முட்டி நிரப்புங்கள். வாய் வரை வந்ததும் குச்சியை எடுத்தால் அதன் இடம் காலியாகி 2–3 செ.மீ. காலி இடம் தானே கிடைக்கும். கிரவுன் மூடி (ஓரம் மடித்த தகர மூடி) 26 மி.மீ. அளவுதான் பியர் பாட்டிலுக்கு. ஷாம்பெயின் வகைப் பாட்டில் சிலதுக்கு 29, சாதாரண மூடி அதில் பிடிக்காது. மூடியை அமுக்கியபின் விரலால் திருகிப் பாருங்கள், சுற்றினால் சரியாக இறுகவில்லை, கழற்றிப் புது மூடி போடுங்கள். முறுக்கித் திறக்கும் மரை உள்ள பாட்டிலில் கையால் அமுக்கும் கருவி நன்றாகப் பிடிப்பதில்லை, அவற்றைத் தவிருங்கள்.

நாலு பெட் பாட்டில் இருக்கிறதே, அதில் இரண்டைக் கட்டாயம் நிரப்புங்கள். அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால், உள்ளே அழுத்தம் ஏறுவது தொட்டாலே தெரியும். கண்ணாடிப் பாட்டில் எதையும் சொல்லாது.

பிறகு 20–22 டிகிரியில் இரண்டு வாரம். வெளிச்சம் படாத மூடிய பெட்டியில் வையுங்கள், ஏதாவது ஒன்று உடைந்தாலும் சில்லு அதற்குள்ளேயே நிற்கும். முதல் நாலு நாளில் பெட் பாட்டில் கல் மாதிரி இறுகினால் எச்சரிக்கை. பத்தாம் நாளும் நசுங்கினால் அறை குளிர்ந்திருக்கும், சூடான இடத்துக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம் கொடுங்கள்.


தேன்சிட்டு:

அடைச்சாச்சு. 500 மில்லி 28, 330 மில்லி 12, பெட் 2. ஒருவேளை நாலாம் நாளே பெட் இறுகிவிட்டால் என்ன செய்ய?


மூடிக்காரர்:

உடனே ஒன்றை மட்டும் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்துத் திறந்து பாருங்கள். இயல்பாக நுரைத்தால் பயமில்லை, மிச்சத்தையும் குளிருக்கு மாற்றினால் போதும். குளிரில் ஈஸ்ட் வேகம் அநேகமாக நின்றுவிடும்.

பீய்ச்சியடித்தால் எல்லாப் பாட்டிலையும் 0–4 டிகிரிக்கு ஒரு நாளாவது குளிர வையுங்கள். சூடாக இருக்கும்போது கண்ணாடிப் பாட்டிலைத் தொடாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம்; முதலில் பெட்டி மேல் தடித்த போர்வை போட்டு அந்த அறையையே குளிரவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, தடித்த கையுறை மாட்டி, ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, மூடியின் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கி 'புஸ்' அடங்கும் வரை விட்டு, புது மூடி போடுங்கள். அடுத்த நாள் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும்.


மண்டிமன்னன்:

ஊத்தும்போது பாட்டிலை ஒரே சாய்ப்பில் ஊத்தி முடிங்க. நடுவில் நிமிர்த்தி மறுபடி சாய்ச்சா மண்டி எழும்பிடும். ரெண்டாம் வாரம் குடிச்சு 'இவ்வளவு காரமா இருக்கே'ன்னு எழுத வராதீங்க, ஆறாவது வாரம் ஒண்ணு திறந்து பாருங்க.